கரித்துண்டும் கண்காட்சியும் – ஓவியர் இரவிவர்மாவின் வரலாறு

சென்ற நவராத்திரியின்போது எங்கள் கல்லூரி மாணவர் வாணி விழாவோடு சேர்த்துச் சித்திரக் கண்காட்சி ஒன்றையும் நடத்தினர். மண்டபத்தின் ஒரு பக்கத்திலே பூசைப் பீடம். மறுபக்கத்திலே கயிறு கட்டி, தாங்கள் கீறிய படங்களை வரிசையாகக் கொளுவி வைத்திருந்தனர். நூல்களுக்குரிய அட்டைப்படங்கள், கதைகளுக்கு இயைந்த சித்திரங்கள், அழைப்பிதழ்களுக்கான எழுத்தமைப்புக்கள், கோலங்களை அடியொற்றிய சேலைக்கரை வடிவங்கள் என அறுபதுக்கு மேற்பட்ட படைப்புக்கள் அங்கே இருந்தன. கண்காட்சியைத் திறந்து வைக்கும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது. சகலகலாவல்லி மாலையின் பொருளை விரித்துரைத்துவிட்டுப் பீடத்தின் முன் நின்றேன். அப்பொழுது மாணவி ஒருத்தி அருகே வந்து, பீடத்திலிருந்த கலைமகள் படத்தைக் காட்டி, இதனைக் கீறியவர் யார் என்று வினவினாள்.

இரவிவர்மா என்னும் பெயரைச் சொன்னேன். அவர் யார், எங்கே பிறந்தார், எவரிடம் பயின்றார் என்று அவள் மேலும் கேட்டபோது, இரண்டு வாக்கியத்துக்கு மேல் என்னாற் சொல்ல இயலவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகின்றேன். கலைமகளைப் பாடிய புலவர் பெயரையும் காலத்தையும் பிழையின்றிச் சொல்வேன். ஆனால் நாள்தோறும் நான் கைகூப்பும் உருவத்தை வரைந்தவனைப் பற்றி ஒரு நாளேனும் எண்ணிப் பார்த்தேனில்லை. அன்று பிறந்த நாணமே, நூல்களைத் தேடிப் படித்து, இவ்வரலாற்றை எழுதுமாறு என்னைத் தூண்டியது.

கிளிமானூர்ச் சிறுவன்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே கிளிமானூர் என்றோர் ஊர் உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்ட குறுநிலக் குடியினர் அங்கு வாழ்ந்தனர். அக்குடியிலே 1848 ஆம் ஆண்டு ஏப்ரில் 29 ஆந் திகதி இரவிவர்மா பிறந்தார். தந்தையார் நீலகண்ட பட்டதிரிப்பாடு வடமொழியும் ஆயுர்வேதமும் வல்லவர். தாயார் உமாம்பாபாயி மலையாளத்திற் கவி இயற்றுந் திறம் வாய்ந்தவர். உடன்பிறந்த இராஜராஜவர்மாவும் மங்களபாயியும் பின்னாளில் ஓவியராயினர். கதகளியும், இசையும், புராணப் படிப்பும் நிறைந்த அந்த வீட்டிலே குழந்தை கண் திறந்ததும் கண்டது கலையே.

சிறுவன் கரித்துண்டை எடுத்து வெள்ளைச் சுவர்களிலே யானையையும் குதிரையையும் கீறிக்கொண்டு திரிந்தான் என்பர். வேலையாட்கள் சினந்தனர். அவனுடைய மாமனாராகிய இராஜராஜவர்மாவோ தஞ்சாவூர்ப் பாணியிலே படம் எழுதப் பழகியவர். அவர் அச்சுவரின் முன் நின்று பார்த்தார். அடிப்பதற்குப் பதிலாகக் கற்பிக்கத் தொடங்கினார். ஒரு குழந்தையின் வாழ்வு இப்படி ஒரு பெரியவரின் ஒரு நிமிட முடிவிலே தங்கியிருப்பதை எண்ணுந்தோறும் எனக்கு உள்ளம் உறுத்துகின்றது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

பூட்டிய கதவு

1862 ஆம் ஆண்டிலே, பதினான்கு வயதுச் சிறுவனை மாமனார் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றார். அப்போது அரியணையிலிருந்தவர் ஆயில்யம் திருநாள் மகாராசா. அவர் கலைகளிற் பற்றுடையவர். சிறுவன் காட்டிய படங்களைக் கண்டு மகிழ்ந்து, அரண்மனையிலேயே தங்கிப் பயில இடமளித்தார். ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப் பிரதிகள் கொண்ட நூல்கள் அங்கே அவனுக்குப் பார்க்கக் கிடைத்தன.

இலைச்சாறு, பூச்சாறு, மண் முதலியவற்றிலிருந்து ஆக்கிய வண்ணங்களையே அவன் அதுவரை அறிந்திருந்தான். மேனாட்டார் வழங்கிய தைலவண்ணம் அவனுக்குப் புதிது. அவ்வண்ணம் மெல்ல உலர்வது. ஆகையால் ஒரு நிறத்தை மற்றொன்றிலே கரைத்துத் தோலின் மினுக்கத்தையும் பட்டின் மடிப்பையும் பொன்னின் ஒளியையும் காட்டலாம். அந்த வித்தையை அரண்மனையில் அறிந்திருந்தவர் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயுடு என்னும் ஓவியர். இளைஞன் அவரிடம் போய் நின்றான். அவர் கற்பிக்க மறுத்துவிட்டார். தமக்குப் போட்டியாக ஒருவன் வளர்வதை அவர் விரும்பவில்லை என்று வரலாறு எழுதினோர் கூறுவர். ஆயினும் அவருடைய உதவியாளராகிய ஆறுமுகம் பிள்ளை என்பவர், ஆசிரியர் அறியாமல், தாம் அறிந்தவற்றை அவ்விளைஞனுக்குச் சொல்லிக் கொடுத்தாராம். புகழ் பெற்ற ஓவியன் ஒருவனின் வரலாற்றிலே, ஆறுமுகம் பிள்ளை ஒரு வரியளவில் வந்து மறைகின்றார். ஆயினும் அவ்வரி இல்லையேல் மற்ற வரிகளும் இல்லை.

1868 ஆம் ஆண்டிலே தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தினரைப் படம் எழுதுவதற்காகத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்பிக்க உடன்படவில்லை. தாம் எழுதும்போது அருகே நின்று பார்க்க மட்டும் இசைந்தார். இளைஞனுக்கு அதுவே போதுமாயிற்று. தூரிகையில் எவ்வளவு வண்ணம் எடுக்கின்றார், எந்த நிறத்தை முதலில் இடுகின்றார், நிழலை எங்கே தொடங்குகின்றார் என்பனவற்றைக் கண்ணாலேயே கற்றுக்கொண்டு, தன் அறைக்குச் சென்று செய்து பார்த்தான். பிழைத்தவற்றை அழித்து மீண்டும் எழுதினான். ஏகலைவனுக்கு மண்ணுருவமேனும் குருவாக வாய்த்தது. இவ்விளைஞனுக்குக் குருவின் முதுகுப்புறமே வாய்த்தது.

இதற்கிடையில் 1866 ஆம் ஆண்டு மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பாகீரதிபாயியை அவர் மணந்தார். 1870 ஆம் ஆண்டளவில் கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குச் சென்று நோன்பிருந்து வழிபட்டார். திரும்பும் வழியிலே கோழிக்கோட்டிலே கிழக்கே பாலாட்டுக் கிருஷ்ண மேனோன் குடும்பத்தினரைப் படம் எழுதிக் கூலி பெற்றார். அரச உறவுடைய குடியிலே பிறந்த ஒருவர் படம் எழுதிப் பணம் வாங்குதல் அக்காலத்திற் பெருமையாகக் கருதப்படவில்லை. அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஓவியத்தையே தொழிலாகக் கொள்ளும் துணிவு அன்று அவருக்கு வந்துவிட்டது.

சபையேறிய சித்திரம்

புலவனுக்கு அரங்கேற்றம் எப்படியோ, அப்படியே ஓவியனுக்குக் கண்காட்சி. அரண்மனைச் சுவரிலே தொங்கும் படத்தை அரசரும் அமைச்சரும் பார்ப்பர். அவர்தம் பாராட்டிலே அன்பும் கலந்திருக்கும், இரக்கமும் கலந்திருக்கும். முன்பின் அறியாதார் பலர் எழுதிய படங்களுக்கு நடுவே தன் படத்தையும் நிறுத்தி, முன்பின் அறியாதார் பார்க்கக் காத்திருப்பதுதான் தேர்வு.

1873 ஆம் ஆண்டு சென்னையிலே நடைபெற்ற நுண்கலைக் கண்காட்சிக்கு இரவிவர்மா ஒரு படம் அனுப்பினார். கூந்தலிலே மல்லிகைச் சரம் சூடுகின்ற நாயர் மங்கை ஒருத்தியின் படம் அது. ஐரோப்பிய ஓவியர் பலருடைய படங்களும் வைக்கப்பட்டிருந்த அக்கண்காட்சியிலே ஆளுநரின் பொற்பதக்கம் இருபத்தைந்து வயது இளைஞருக்குக் கிடைத்தது. அவ்வாண்டிலேயே வியன்னா நகரத்து உலகக் கண்காட்சிக்கும் அப்படம் சென்று பதக்கம் பெற்றது. கண்ணால் மட்டும் களவாகக் கற்ற கல்வி, கடல் கடந்த சபையிலே ஒப்புக்கொள்ளப்பட்டது.

அடுத்த ஆண்டு, நரம்புக் கருவியை வாசிக்கின்ற தமிழ்ப் பெண்ணின் படத்தைச் சென்னைக்கு அனுப்பினார். அதற்கும் பொற்பதக்கம் கிடைத்தது. 1876 ஆம் ஆண்டு அனுப்பியது, தாமரையிலையிலே துஷ்யந்தனுக்கு மடல் எழுதும் சகுந்தலையின் படம். ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகன் அதனை உடனே விலைக்கு வாங்கினார். சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மோனியர் வில்லியம்ஸ், தம் நூலின் முகப்பிலே அப்படத்தையே பதிப்பித்துக்கொண்டார். இவ்வாறு, ஓவியர் இரவிவர்மா நூலுக்குச் சித்திரம் தந்தவராகவும் ஆயினார். காளிதாசன் சொல்லில் வடித்த பெண்ணை மாணவர் மனக்கண்ணால் மட்டுமே கண்டிருந்த காலம் அது. இனி அவள் புற்றரையிலே சாய்ந்து கிடந்து, அடுத்த சொல்லைத் தேடிக் கண் நிலைத்திருப்பதைப் புறக்கண்ணாலும் காணலாம் என்றாயிற்று.

பாரதம் தேடிய பயணம்

1880 ஆம் ஆண்டிலே ஆயில்யம் திருநாள் மகாராசா காலமானார். ஆதரித்த கை மறைந்தது. ஆயினும் கண்காட்சிகள் தேடித் தந்த புகழ் அவருக்கு வேறு வாயில்களைத் திறந்துவிட்டிருந்தது. கும்பகோணத்திற் பிறந்து, திருவிதாங்கூரிலே திவானாக இருந்து, பின்னர் பரோடாவுக்குத் திவானாகச் சென்ற சர் தி. மாதவராவ் அவர்மேல் அன்புடையவர். அவருடைய முயற்சியால், இளைய தம்பி இராஜராஜவர்மாவோடு இரவிவர்மா பரோடா சென்று, அரசுரிமை ஏற்ற சயாஜிராவ் கெய்க்வாட்டையும் அவர் குடும்பத்தினரையும் படம் எழுதினார். மாதவராவ் 1884 ஆம் ஆண்டு எழுதிய கடிதத்திலே மற்றொரு யோசனையுஞ் சொன்னார். இப்படங்களைக் காண விரும்புவோர் பலர். எழுதுவது இரு கைகளே. ஆதலால் சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சிலே பதிப்பித்தல் நன்று என்பது அதன் கருத்து. அவ்வித்து முளைக்கப் பத்தாண்டு சென்றது.

1888 ஆம் ஆண்டிலே பரோடா மன்னர், புராண இதிகாசங்களிலிருந்து பதினான்கு படங்கள் எழுதித் தருமாறு கேட்டார். அப்பொழுது எழுந்தது ஓர் இடர். நளனுக்கும் தமயந்திக்கும் என்ன உடை உடுத்துவது? மலையாள நாட்டு உடை உடுத்தினால் மராட்டியர் ஏற்பரோ? வங்க நாட்டு உடை உடுத்தினால் தமிழர் ஏற்பரோ? விடை காண்பதற்காக அண்ணனும் தம்பியும் வடநாடு முழுவதும் சுற்றினர். கோயிற் சிற்பங்களைப் பார்த்தனர். மக்களின் உடையையும் அணியையும் குறித்துக்கொண்டனர். முடிவிலே பெண்களுக்குச் சேலையையே அவர் பெரும்பாலும் தேர்ந்தார். இன்று நாம் சீதையையும் தமயந்தியையும் நினைக்கும்போது சேலையுடுத்த உருவமே மனத்தில் எழுவதற்கு அம்முடிவும் ஒரு காரணம்.

நளனும் தமயந்தியும், அருச்சுனனும் சுபத்திரையும், விசுவாமித்திரனும் மேனகையும் என அப்படங்கள் 1890 ஆம் ஆண்டில் நிறைவெய்தின. பரோடா செல்லுமுன் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பம்பாயிலே பெருங்கூட்டம் திரண்டு பார்த்தது. 1893 ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சிக்குப் பத்துப் படங்களை அனுப்பிப் பதக்கம் பெற்றார். விவேகானந்தர் அந்நகரிலே பேசிய அதே ஆண்டு அது.

புகழ் பெருகியபோது வீட்டிலே இழப்பும் நேர்ந்தது. ஆண்டில் பெரும்பகுதியை வழிப்பயணத்திலே கழித்த அவருடைய மனைவியார் பாகீரதிபாயி 1891 ஆம் ஆண்டு காலமானார். அவர்தம் பெயர்த்தியர் இருவர் 1900 ஆம் ஆண்டிலே திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்தெடுக்கப்பட்டனர்.

வீட்டுக்கு வந்த தெய்வங்கள்

1894 ஆம் ஆண்டு பம்பாயிலே இரவிவர்மா சொந்தமாக ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். இயந்திரங்கள் ஜேர்மனியிலிருந்து வந்தன. வினைஞரும் அங்கிருந்தே வந்தனர். சகுந்தலையின் பிறப்பு என்னும் படமே முதலிற் பதிக்கப்பட்டது.

அக்கல்லச்சின் முறையை இங்கே சிறிது விளக்குதல் தகும். சுண்ணாம்புக் கல்லின் மழமழப்பான முகத்திலே கொழுப்புச் சேர்ந்த மையால் உருவம் எழுதுவர். கல்லை நீரால் நனைத்தால், எழுதாத இடம் நீரை ஏற்கும். எழுதிய இடம் நீரை ஒதுக்கி அச்சுமையை ஏற்கும். ஒரு கல்லுக்கு ஒரு நிறம். ஆகவே ஒரு படத்துக்குப் பல கற்கள் வேண்டும். ஒரே தாள் கல்லுக்குக் கல் சென்று, மயிரிழையும் பிசகாமல் நிறத்தின்மேல் நிறம் பெற வேண்டும். ஈற்றிலே மேற்பூச்சுப் பூசித் துணியின் இழை போன்ற தடத்தையும் அழுத்திவிட்டால், தாள் தைலவண்ணச் சித்திரம் போலத் தோன்றும். ஓவியன் எழுதியது ஒன்று; அதனை நிறம் நிறமாகப் பிரித்துக் கல்லில் எழுதியோர் பெயர் அறியப்படாத பலர்.

திருமகள் தாமரையின்மீது நின்றாள். கலைமகள் வீணையோடு பாறைமீது அமர்ந்தாள், அருகே மயில் நின்றது. அரசர் மாளிகையிலும், எழுதுவினைஞர் வீட்டிலும், கடைத்தெருவிலும், கோயிலினுள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களின் குடிசையிலும் அவை சென்று தொங்கின. தெய்வத்தைக் காண்பதற்கு எவருடைய இசைவும் வேண்டாத நிலையை ஒரு தாள் உண்டாக்கிற்று.

ஆனால் வாணிகம் அவருக்குக் கைவரவில்லை. பம்பாயிலே கொள்ளைநோய் பரவியது; அச்சுக்கூடம் உலோணாவளைக்கு அணித்தாகிய மளவலி என்னும் ஊருக்கு மாறியது. கடன் பெருகியது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்திலே அதனை ஜேர்மானிய வினைஞராகிய பிரிட்ஸ் ஷ்லைகருக்கே விற்றுவிட்டார். 1913 ஆம் ஆண்டு இராஜா ஹரிச்சந்திரா என்னும் திரைப்படத்தை ஆக்கிய பால்கே, இளமையிலே அவ்வச்சுக்கூடத்திலே பணி செய்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

1904 ஆம் ஆண்டு அரசாங்கம் கைசர்-இ-ஹிந்து பொற்பதக்கம் வழங்கிற்று. மறு ஆண்டே, இருபது ஆண்டுக்கு மேலாக உடனிருந்து, பின்னணி எழுதியும், கணக்கு வைத்தும், நாட்குறிப்பு எழுதியும் உதவிய தம்பி இராஜராஜவர்மா இறந்தார். அண்ணனும் நெடுநாள் தரித்திருக்கவில்லை. நீரிழிவால் நலிந்து, 1906 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆந் திகதி, ஐம்பத்தெட்டு வயதிலே, அவர் காலமானார்.

எங்கள் நாட்டவரின் தீர்ப்பு

அவர் மறைந்த சிறிது காலத்துள்ளே, அவர் கலைமீது வன்மையான கண்டனம் எழுந்தது. கண்டித்தவர்களுள் முதன்மையானவர் கொழும்பிலே பிறந்த நம்மவர், கலாநிதி ஆனந்த குமாரசுவாமி. இரவிவர்மாவின் தெய்வங்கள் நாடக மேடையிலே வேடந் தரித்து நிற்கும் மாந்தரைப் போன்றன, மேனாட்டு முறையை மேற்கொண்டு இந்திய உள்ளத்தைக் கைவிட்டன, தெய்வத்தின் பெருமை அவற்றிலே இல்லை என்பன அவர் கூற்றின் சாரம். சிவ நடனத்தின் பொருளை உலகுக்கு விளக்கிய அறிஞரின் கூற்றை எளிதாகத் தள்ளிவிட என்னால் இயலாது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனியின் முன் நின்றவன், அதில் உள்ள அமைதி இரவிவர்மாவின் படத்தில் இல்லை என்பதை உணர்வான். நானும் உணர்கின்றேன்.

ஆயினும் என் கண்ணாற் கண்டது ஒன்றுண்டு. எங்கள் வீட்டுச் சாமி அறையிலே திருமகள் படம் ஒன்று இருந்தது. இரவிவர்மாவின் படத்தைப் பார்த்துப் பிற்காலத்து அச்சுக்கூடம் ஒன்று பதித்தது. மூலைகள் கறுத்து, குங்குமம் படிந்து கிடந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத முடிவிலே யாழ்ப்பாணத்தைவிட்டு இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் வெளியேறிய போது, நாங்களும் தென்மராட்சி நோக்கி நடந்தோம். கண்ணாடிச் சட்டம் பாரம் என்று நான் சொன்னேன். என் தாயார் சட்டத்தை உடைத்துப் படத்தை மட்டும் எடுத்து, சுருட்டி, சேலைத் தலைப்பிலே சுற்றி, மழையிலே நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். நான் என் நூல்களிற் பாதியை வழியிலே போட்டேன். அவர் அந்தத் தாளைப் போடவில்லை. குமாரசுவாமி கூறியதும் உண்மை. என் தாயார் செய்ததும் உண்மை. கலைக்குச் சொல்லும் தீர்ப்பு வேறு, கலை மக்களிடத்தே செய்யும் பணி வேறு என்று அமைவதன்றி வேறு வழி எனக்குத் தெரியவில்லை. 1979 ஆம் ஆண்டு இந்திய அரசு அவருடைய ஓவியங்களை நாட்டின் கலைச்செல்வமாக அறிவித்து, நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லாதவாறு தடுத்தது.

கிழித்த தாள்

முன்னே சொல்வேன் என்று வைத்ததைச் சொல்லி முடிக்கின்றேன். நான் ஆசிரியத் தொழில் ஏற்ற புதிதில், 1994 ஆம் ஆண்டளவில், நளவெண்பாப் பாடம் நடந்துகொண்டிருக்கையில் மாணவன் ஒருவன் கொப்பியின் பின்புறத்திலே படம் கீறிக்கொண்டிருந்தான். நான் அத்தாளைக் கிழித்துக் கசக்கி எறிந்தேன். எறியுமுன் ஒரு கணம் பார்த்தேன். கானகத்திலே துயிலும் தமயந்தியும், அவள் சேலையை அரிந்துகொண்டு விலகும் நளனும் அதிலே இருந்தனர். அவன் பாடத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அடுத்த ஆண்டு இடப்பெயர்வு வந்தது. அவன் மீண்டும் என் வகுப்புக்கு வரவில்லை. கிளிமானூர்ச் சுவரின் முன்னே நின்ற மாமனாரைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் துயில் வரவில்லை.

கண்காட்சி நடந்த அன்று, கயிற்றிலே தொங்கிய படங்களின் கீழே எவருடைய பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை. பெயர் போடுதல் தற்பெருமையாகும் என்று ஆசிரியர் ஒருவர் சொன்னாராம். மறுநாட் காலை நான் தாளும் எழுதுகோலும் கொண்டு சென்று, மாணவரை ஒவ்வொருவராக அழைத்து, அறுபது படங்களின் கீழும் கீறியவர் பெயரை என் கையாலேயே எழுதி ஒட்டினேன். பின்பு பூசைப் பீடத்துக்குப் போய், கலைமகள் படத்தின் கீழும் ஒரு துண்டு ஒட்டினேன். வினாத் தொடுத்த மாணவி அதை வாசித்துவிட்டு, பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் போடவில்லையே என்றாள். அவளே எழுதோலை வாங்கி, நான் சொல்லச் சொல்ல, 1848 – 1906 என்று எழுதினாள்.